நெஞ்சு வலி அக்காவும் செத்துப்போன புருஷனும்

இஸ்திரி அக்காவுக்கு இருந்த ஒரே வியாதி சிரிப்பு. சிரிப்பு எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் அக்காவுக்கு அது வரக்கூடாத இடமாகப் பார்த்து வரும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பிரம்பைத் தேடும்போது வந்தது. பெரியப்பாவின் துக்க வீட்டில், யாரோ மூக்கைச் சிந்திய சத்தம் வாத்து கத்துவதுபோல் இருந்ததால் வந்தது. தன் கல்யாணத்தன்று பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா மை கக்கி மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் ஒரு பொட்டு விழுந்தது. அதைப் பார்த்து வந்த சிரிப்பில் பெண்ணின் கையெழுத்து தாளை விட்டு வெளியே போய் மேஜையில் முடிந்தது. "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று அதிகாரி இரண்டு தரம் கேட்டார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில், அதனால் ஊருக்கே அவர் சவுண்டுக்காரர். ஆனால் அவரிடமிருந்து சவுண்டு மட்டும் வராது. "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பதுதான் ஒரு நாளைக்கு அவர் பேசும் நீளமான வாக்கியம். வீட்டில் "ம்" போதும். பசிக்கு ஒரு "ம்", வேண்டாம் என்பதற்கு ஒரு "ம்ஹும்", கோபத்துக்கு மூக்கால் ஒரு மூச்சு. இருபது வருஷ குடித்தனத்தில் அக்கா இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஒரு முழு பாஷையைப் படித்துவிட்டாள்.

வீட்டின் முன்னறைதான் அவள் கடை. அகலமான மேஜை, அதன் மேல் நாலாக மடித்த கம்பளி, புஸ் புஸ்ஸென்று ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி, சுவரோடு சுவராக ஒரு கம்பியில் தொங்கும் துணிகள். பாதிக்கு மேல் வெள்ளைக் கோட்டுகள். எதிரே பல்கலைக்கழகத்தின் பின் மதில், அதற்குள் மருத்துவப் பிரிவு. அந்தப் பிள்ளைகள் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வருவார்கள். தேய்ப்பதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவுவது அக்காவுக்குத் தினசரி பொழுதுபோக்கு. பாதி பிஸ்கட், ரப்பர் கையுறை, மென்று காகிதத்தில் சுற்றிய பபிள்கம். ஒரு தரம் ஒரு விரல் எலும்பு வந்து அலறிவிட்டாள். பிளாஸ்டிக்தான். அலறல் முடிந்ததும் வந்த சிரிப்பில் யாரோ ஒருவரின் காலர் கருகிப்போயிற்று.

கடைக்கு நேர் எதிரே மதிலில் ஓர் இரும்புக் கேட் உண்டு. பின் கேட். அது பூட்டப்பட்டதற்குக் காரணமே அவள் புருஷன்தான்.

சில வருஷங்களுக்கு முன் தெருவில் ஒரு கல்யாணம். சவுண்டுக்காரர் தன்னிடம் இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கிவிட்டார். மறுநாள் காலை உள்ளே பரீட்சை. முன்னிரவில் காவலாளிகள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் குறடால் ஒயர்களை வெட்டினார்கள், போய்விட்டார்கள். சவுண்டுக்காரர் வெட்டுப்பட்ட ஒயரை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். அந்த முகத்தை அக்கா மறக்கவே இல்லை. அவளுக்கே சிரிப்பு வராத முகம் அது ஒன்றுதான். மறுநாள் தெருவே திரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கேட்டுக்குக் குறுக்கே அடுக்கியது. பல்கலைக்கழகம் பதிலுக்குக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியது. அதன் பிறகு தெருக்காரர்களுக்குப் பேருந்து நிறுத்தம் தூரம், பிள்ளைகளுக்கு டீக்கடை தூரம், எல்லாருக்கும் எல்லாமே சுற்றுவழி. சவுண்டுக்காரர் அன்று சொன்னது: "இனிமே செத்தாலும் அதுக்குள்ள கால் வைக்க மாட்டேன்." அவர் பேசிய வாக்கியங்களில் இதுவும் நீளமானது என்பதால் தெரு அதை ஞாபகம் வைத்திருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் டாக்டரம்மா வந்தார். மருத்துவப் பிரிவில் சொல்லிக்கொடுப்பவர். குள்ளமாக, சுறுசுறுப்பாக, நடக்கும்போதே பேசுகிறவர். சவுண்டுக்காரர் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் பெட்டி இறக்கப் போயிருந்த வாரம் அது. டாக்டரம்மா நேராக நாத்தனாரின் டீக்கடைக்குள் நுழைந்தார். நாத்தனார் என்றால் சவுண்டுக்காரரின் தங்கை. அண்ணன் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்காகவே பிறந்தவள்.

"எங்க பிள்ளைங்களுக்குப் பாடம் எல்லாம் தலைகீழாத் தெரியும்," என்றார் டாக்டரம்மா, டீயைக் கையில் வாங்கிக்கொண்டே. "ஆனா ஒரு நோயாளிகிட்ட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத் தெரியல. நிஜ நோயாளிய வச்சுப் பழக்குறது பாவம். அதனால நோயாளி மாதிரி நடிக்க ஆள் வேணும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. என்ன வலின்னு நாங்க எழுதித் தர்றோம். அதைச் சொல்லணும், அவ்வளவுதான்."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் அக்காவும் ஒருத்தி.

"படுக்க வச்சு கிட்னிய எடுத்துட்டாங்கன்னா?" என்றார் ஒருவர்.

"உங்க கிட்னியவா?" என்றாள் நாத்தனார். "இவ்வளவு டீ குடிச்ச கிட்னிய எடுத்து யாருக்கு வைப்பாங்க?"

அக்காவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். கேட் பூட்டியதிலிருந்து உள்ளே என்னதான் நடக்கிறது என்று அவளுக்கு ஒரே அரிப்பு. கோட்டுகளின் பாக்கெட்டுகளை மட்டும் வைத்து எவ்வளவு காலம்தான் ஊகிப்பது?

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்று நாத்தனார் காதோடு கேட்டாள்.

"யாரு சொல்லப் போறா?"

நாத்தனார் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "அப்போ எனக்கும் ஒரு வியாதி சொல்லுங்க டாக்டரம்மா. நல்லதா, கொஞ்சம் பெரிசா."

முதல் நாள் அக்காவுக்குக் கிடைத்தது வயிற்று வலி. ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு திரை, இரண்டு நாற்காலி. அக்கா இதற்காக வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள். மாணவன் உள்ளே வந்து "வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் "ஐயோ அம்மா!" என்று ஒரு கத்து கத்தி, கட்டிலிலிருந்து உருண்டு, திரையை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். பையன் வெளியே ஓடிப்போய் நிஜ டாக்டர் ஒருவரையும் தள்ளுகட்டிலையும் கொண்டுவந்துவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் குறைச்சுக்கலாம்," என்றார் டாக்டரம்மா, திரையை மாட்டிக்கொண்டே.

"எவ்வளவு குறைக்கணும்?"

"முக்கால்வாசி."

"அப்போ அது வலியா டாக்டரம்மா? ஏப்பம்."

மெல்ல மெல்லப் பிடிபட்டது. வலியை முகத்தில் காட்டாமல் குரலில் வைத்துக்கொள்வது, கேட்டால் மட்டும் சொல்வது, சரியாகக் கேட்காவிட்டால் சொல்லாமல் விடுவது. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வரவில்லை: மதிப்பெண் போடுவது. ஒவ்வொரு மாணவரும் எப்படி நடந்துகொண்டார் என்று நடித்தவரும் மார்க் போட வேண்டும். அக்கா எல்லாருக்கும் முழு மார்க் போட்டாள்.

"இந்தப் பையன் உங்க பேரைக்கூடக் கேட்கலையே அக்கா?"

"பாவம், காலையில சாப்பிடாம வந்திருக்கு. முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

சவுண்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பிய பிறகும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு பெரிய வீட்டில் திரைச்சீலை தேய்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவைத்தாள். "ம்" என்றார் அவர். தெரு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. வாயைப் பொத்துவதில் எந்தப் பயிற்சியும் இல்லாத நாத்தனார்கூட, அண்ணன் டீ குடிக்க வரும்போதெல்லாம் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள். "பல்லு வலியா?" என்று அவரே ஒரு நாள் கேட்டுவிட்டார்.

திரைச்சீலை இல்லாத அந்த வீட்டுக்கு அக்கா துள்ளிக்கொண்டு போனாள். காரணம் அவளுக்கே முதலில் புரியவில்லை. பிறகு ஒரு நாள் கோட்டு தேய்த்துக்கொண்டிருக்கும்போது புரிந்தது. அந்தச் சின்ன அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து, "எங்க வலிக்குது? எப்போ இருந்து? ராத்திரி தூங்க முடியுதா? வீட்ல யார் பார்த்துக்கிறாங்க?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் தூங்க முடிகிறதா என்று கேட்டதில்லை. வலி பொய்தான். ஆனால் கேள்வி நிஜம்தானே என்று தோன்றியது. தோன்றியவுடன் அவளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பும் வந்தது.

அந்த நாட்களில் சிரிப்பு அந்த அறைக்குள் வந்தது ஒரே ஒரு தரம்தான். கண்ணாடி போட்ட ஒரு பெண், உயரம், ஒல்லி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள். உள்ளே வந்து சுவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன பிரச்சினை தயவுசெய்து விளக்கவும்" என்று ரயில் அறிவிப்பு மாதிரி சொன்னாள். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அக்காவின் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி ஆட்டிக் கேட்டாள். காதில் மாட்டும் இரண்டு முனையும் அவள் கழுத்திலேயே இருந்தன.

அக்கா உதட்டைக் கடித்தாள். தொடையைக் கிள்ளினாள். புருஷன் வெட்டுப்பட்ட ஒயரோடு நின்றதை நினைத்தாள். அதுவும் உதவவில்லை. கட்டில் குலுங்கியது. கண்ணாடிக்காரி கண்ணைத் திறந்து, விஷயம் புரிந்து, காது நுனிவரை சிவந்து, வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மாலை அந்தப் பெண்ணே கசங்கிய கோட்டோடு கடை வாசலில் வந்து நின்றாள். முன் கேட் வழியாகச் சுற்றி வந்ததில் வேர்த்துக் கொட்டியது.

"நேத்து சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோம்மா," என்று அக்கா தொடங்கினாள்.

"இல்லக்கா. நான் காதுலயே மாட்டல," என்றாள் அவள். "ஆனா இதயம் நல்லாத்தான் துடிக்குதுன்னு எழுதிட்டேன்."

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதே வியாதி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. விக்கி விக்கிச் சிரிக்கிற ரகம். நாத்தனார் டீயோடு வந்து பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று தெரியாமலேயே சேர்ந்துகொண்டாள். அடங்கிய பிறகு கண்ணாடிக்காரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "படிக்கிறது எனக்குக் கஷ்டமே இல்லக்கா. புஸ்தகத்துல இருக்கிற நோயாளி நம்மளைத் திரும்பிப் பார்க்க மாட்டாரு. நிஜ ஆளு பார்த்தா நாக்கு ஒட்டிக்குது. இறுதித் தேர்வுல ஃபெயில்தான் ஆகப் போறேன்."

அந்தத் தேர்வு வந்தது. டாக்டரம்மா எல்லாருக்கும் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தார். நாத்தனாருக்கு மூட்டு வலி கிடைத்தது. "இது எனக்கு நிஜமாவே இருக்கே, இதுல நடிக்க என்ன இருக்கு?" என்று அவளுக்கு ஒரே வருத்தம். அக்காவுக்கு நெஞ்சு வலி. இடது கைக்கு இறங்குகிற வலி, வேர்வை, பயம். தனியாக வாழும் பெண்மணி. கணவர் இறந்து இரண்டு வருஷம்.

"ஐயையோ, என் புருஷனைக் கொன்னுட்டீங்களே டாக்டரம்மா!"

"காகிதத்துலதான் அக்கா."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றாள் நாத்தனார்.

"செத்தவருக்கு எப்படிடி தெரியும்?" என்று அக்கா சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தேர்வு நாள் காலை. அக்காவைக் கட்டிலில் சாய்த்துப் படுக்க வைத்து, நெஞ்சில் நாலைந்து ஒயர்களை ஒட்டி, மூக்கில் ஒரு முகமூடியைப் பொருத்தினார்கள். நெற்றியில் தண்ணீர் தெளித்தார்கள். அறை மூலையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். தடித்த புருவம், இஸ்திரி போட்டதுபோல் விறைப்பான முகம். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கேட்டார்கள், மணி அடித்ததும் போனார்கள். அக்கா முனகினாள், திணறினாள், புருஷன் போன கதையைச் சொல்லி ஒவ்வொரு தரமும் புதிதாகக் கண்கலங்கினாள்.

நடுவில் கதவு திறந்திருந்த ஒரு நிமிஷத்தில் அந்தத் தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் போனார். பக்கத்துத் தெருக்காரர். அக்காவையும் தெரியும், சவுண்டுக்காரரையும் தெரியும். இந்த நடிப்பு சமாச்சாரம் மட்டும் தெரியாது. எட்டிப் பார்த்தார். ஒயர், முகமூடி, முனகல். கேனை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு ஓட்டமாக ஓடினார்.

பின் கேட்டின் கம்பிகளுக்குள் முகத்தைத் திணித்து அவர் கத்தியதைத் தெருவே கேட்டது. "சவுண்டுக்காரரே! உங்க வீட்டம்மாவுக்கு நெஞ்சு வலி! உள்ளே படுத்திருக்காங்க! மூச்சு வாங்குது!"

சவுண்டுக்காரர் கையில் ஒரு மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் நாத்தனார் இல்லை, அவள் உள்ளே மூட்டு வலியில் இருந்தாள். வேறு யாரும் விளக்கம் சொல்வதற்குள் அவர் கேட்டில் ஏறிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர், பூனை மாதிரி ஏறினார் என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். உச்சியில் இருந்த ஈட்டி முனை அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. பிடித்த இடத்தை அதற்கே கொடுத்துவிட்டு அவர் மறுபக்கம் குதித்தார். குதித்த வேகத்தில் கேட்டின் ஒரு கீல் கழன்று தொங்கியது. தண்ணீர்க் கேன்காரர் வழி காட்ட, அவர் ஓடினார். "யோவ், நில்லு!" என்று ஒரு காவலாளி பின்னாலேயே ஓடினார்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. அப்போதுதான் அறைக்குள் கண்ணாடிக்காரி வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தாள். ஸ்டெதஸ்கோப்பை முதலில் காதில் மாட்டினாள். அக்காவுக்குச் சந்தோஷத்தில் எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டு முனகினாள்.

"வீட்ல கூட யாரு இருக்காங்கம்மா?"

"யாரும் இல்லம்மா. அவரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு..."

கதவு படாரென்று திறந்தது. சவுண்டுக்காரர் நின்றார். தலை கலைந்து, ஒரு கையில் இன்னும் மைக், கால்சட்டையின் பின்பக்கம் கொடிபோல் பறந்துகொண்டிருந்தது. முகம்... ஒயர் அறுந்த அன்று பார்த்த அதே முகம், அதைவிட மோசம். ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை விட்டுட்டுப் போயிடாத!" என்று வாய்விட்டு அழுதார்.

கண்ணாடிக்காரி திகைத்தாள். "ஐயா, நீங்க...?"

"நான்தாம்மா இவ புருஷன்!"

அவள் அக்காவைப் பார்த்தாள். தேர்வாளரைப் பார்த்தாள். தேர்வாளர் தடித்த புருவம் இரண்டையும் உயர்த்தினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. இதுவும் தேர்வில் ஒரு பகுதி, டாக்டரம்மா வைத்த பொறி என்று இருவரும் ஒரே சமயத்தில் முடிவு செய்தார்கள். கண்ணாடிக்காரி மூச்சை இழுத்து விட்டாள். பிறகு மிக மென்மையாக, "அம்மா, உங்க கணவர் இறந்துட்டதா இப்பத்தானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

சவுண்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நான் செத்துட்டேனா?"

முகமூடிக்குள் அக்காவுக்கு வந்தது. அடிவயிற்றிலிருந்து, முழங்காலிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்தது. முகமூடி ஆவியால் வெளுத்தது. கட்டில் தடதடவென்று ஆடியது. ஒயர்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. பார்க்கிறவர்களுக்கு அது சாகப்போகிறவளின் கடைசித் துடிப்பு மாதிரியே இருந்தது. சவுண்டுக்காரர் "ஐயோ!" என்று அலறினார்.

கண்ணாடிக்காரி அலறவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் அவர் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, இவங்களை நாங்க பார்த்துக்கறோம். பயப்படாதீங்க. எனக்கு உங்க உதவி வேணும். இவங்களுக்கு எப்போ இருந்து இந்த வலி?"

"தெரியலையேம்மா."

"முன்னாடி எப்பவாவது சொல்லியிருக்காங்களா?"

"நான் கேட்டதே இல்லம்மா." அவர் மைக்கைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். "இவ எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பா. சிரிக்கிறவளுக்கு உள்ளே என்ன வலி இருக்கப் போவுதுன்னு விட்டுட்டேன். எனக்குப் பேச வராது. இவ சிரிக்கிற சத்தம் கேட்டா வீட்ல எல்லாம் சரியா இருக்குன்னு தூங்கிடுவேன். அது இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்கு அந்தச் சத்தம் வேணும்மா."

அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. அது வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக நின்றது. முகமூடியைக் கழற்றினாள், எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க," என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இது நடிப்பு. பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

அவர் அவளைப் பார்த்தார். ஒயர்களைப் பார்த்தார். தன் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "திரைச்சீலை?" என்றார்.

மணி அடித்தது.

தேர்வாளர் எழுந்து நின்றார். விறைப்பான முகத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, ஓடிவந்த டாக்டரம்மாவிடம், "இறந்த கணவர் திரும்பி வருவது மாதிரி ஒரு கட்டம்! நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த நடிகரை எங்கே பிடித்தீர்கள்?" என்றார். டாக்டரம்மா விளக்கம் சொல்வதற்குள், பின்னாலேயே வந்த காவலாளி மூச்சிரைக்கக் கதவில் சாய்ந்து, "இவரு... கேட்டு... ஏறி..." என்றார். "இவருக்கு ஒரு தண்ணி கொடுங்க," என்று தேர்வாளர் காவலாளியைக் காட்டிச் சொன்னார். "இவரும் பிரமாதம்!"

இந்த முறை சிரிப்பு அக்காவிடமிருந்து தொடங்கி, கண்ணாடிக்காரிக்குப் போய், டாக்டரம்மாவைப் பிடித்து, தாழ்வாரம் முழுக்க ஓடியது. பக்கத்து அறையில் மூட்டு வலியில் இருந்த நாத்தனார், பாத்திரத்தை மறந்து ஓடோடி வந்தாள். அவளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மாணவன், "எழுந்து நடக்காதீங்கம்மா!" என்று பின்னாலேயே வந்தான்.

உண்மை தெரிந்த பிறகும் தேர்வாளர் மதிப்பெண்ணை மாற்றவில்லை. "எனக்கு அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது," என்று மட்டும் சொன்னாராம். அக்கா வழக்கம்போல் முழு மார்க் போட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக டாக்டரம்மா அதை மறுக்கவில்லை.

வீட்டில் சவுண்டுக்காரர் இரண்டு நாள் "ம்" கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி, "செத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து," என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் அவர் சொன்ன முதல் ஜோக் அது. அவர் உதட்டின் ஒரு ஓரம் மேலே போயிருந்தது. அது சிரிப்புதானா என்று உறுதி செய்ய அவள் விளக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

கேட் விவகாரம் பாக்கி இருந்தது. அத்துமீறி ஏறியதற்கும் கீலை உடைத்ததற்கும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று காவல் பிரிவு சொன்னது. நடிக்க வருகிறவர்கள் ஊரைச் சுற்றி வந்து நிஜமாகவே நோயாளி ஆகிவிடுகிறார்கள், கேட்டைத் திறக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கடைசியில் பல்கலைக்கழகத்துப் பதிவாளரே நேரில் பார்க்க வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. அவர் கேட்டுக்கு உள்ளே, தெரு வெளியே. சவுண்டுக்காரர் முன்னால் நின்றார், புதுக் கால்சட்டையில்.

"அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை," என்றார் பதிவாளர் கம்பிகளுக்கு நடுவில்.

"வந்து சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்," என்றார் சவுண்டுக்காரர்.

பதிவாளர் குனிந்து ஷூவைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாம்தான்."

"நானும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்தான்."

அவ்வளவுதான் சமாதானம். இதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டியதில்லை என்று இரு பக்கத்திலும் எல்லாருக்கும் தோன்றியது. பதிவாளர் சாவியைக் கேட்டார். காவலாளி ஒரு கொத்து நிறைய சாவிகளைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. நூலகத்துச் சாவி பூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. "தள்ளிக்கோங்க," என்று சவுண்டுக்காரர் தோளால் லேசாக ஒரு முட்டு முட்டினார். ஏற்கெனவே ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்த கேட், சங்கிலி, பூட்டு, நூலகத்துச் சாவி எல்லாவற்றோடும் சேர்ந்து, மெல்லச் சாய்ந்து தடாலென்று உள்பக்கம் விழுந்தது. பதிவாளர் துள்ளிக் குதித்த உயரத்தை நாத்தனார் இன்றைக்கும் டீக்கடைச் சுவரில் கையால் தொட்டுக் காட்டுவாள். புழுதி அடங்கிய பிறகு அவரே முதலில் சிரித்தார். அக்காவை முந்திக்கொண்டு சிரித்த முதல் ஆள் அவர்தான். கேட்டை மறுபடி நிறுத்தினார்கள், பூட்டு போடவில்லை.

கண்ணாடிக்காரி தேறி, வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். போவதற்கு முன் தன் கோட்டைத் தானே தேய்க்கிறேன் என்று அடம்பிடித்து, அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் கருகல் முத்திரையைப் பதித்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷத் தேர்வுக்கும் அதே தேர்வாளர் வந்தார். "அந்தக் கணவர் இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார். சவுண்டுக்காரர் மாட்டேன் என்றார், "ம்ஹும்" என்றார், மூக்கால் மூச்சு விட்டார். பிறகு சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னார். முதுகு வலி என்று ஒரு பாத்திரம். சொல்ல வேண்டியது நாலே வரி.

அக்கா தாழ்வாரத்தில் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு மாணவி, "எப்போ இருந்து வலிக்குதுய்யா?" என்று கேட்டாள். வெகுநேரம் சத்தமே இல்லை. மறந்துவிட்டார் என்று அக்கா நினைத்தாள். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"அது பெரிய கதைம்மா," என்றார். "பெட்டி ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கனம். முதல் பெட்டி வாங்கினப்போ எனக்குக் கல்யாணம்கூட ஆகல..."

மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. அடுத்த மாணவன் வந்து நின்றான். முதல் மாணவியும் போகவில்லை. கதவுக்கு வெளியே டாக்டரம்மா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். உள்ளே கதை இரண்டாவது பெட்டிக்கு வந்திருந்தது. அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "சத்தம் போடாதீங்க அக்கா, தேர்வு நடக்குது," என்று கெஞ்சிய டாக்டரம்மாவும் சற்று நேரத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.